வடசென்னையில் லத்தீனோ கவிஞர்களுக்கு ஒரு வாசிப்பு வரிசை: யாரை, எந்தத் தமிழில் வாசிப்பது?

தண்டையார்ப்பேட்டை வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்ப்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கவிதை வாசித்து வருகிறோம். பாய் விரித்தால் முப்பது பேர் உட்காரக்கூடிய ஒரே அறை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்கள் சிலர், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள், அவர்களை அழைத்து வரும் தாய்மார்கள் ஆகியோரே எங்கள் அவையினர்.

இந்த ஆண்டு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை நான்கு ஞாயிறுகள் தொடர்ந்து லத்தீனோ கவிஞர்களை, அதாவது அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வேர்கொண்ட கவிஞர்களை, மட்டும் வாசிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஸ்பானிய மரபு மாதமாகக் கொண்டாடுகிறார்கள். 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கிய அந்த வழக்கம் 1988இல் ஒரு மாதமாக விரிந்தது. கோஸ்டா ரிகா, எல் சால்வதோர், குவாத்தமாலா, ஒந்துராஸ், நிகராகுவா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் விடுதலை நாள் செப்டம்பர் 15 என்பதால்தான் மாதத்தின் பாதியில் தொடங்குகிறது. செப்டம்பர் 11 அன்று பாரதி நினைவு நாளை நாங்கள் வழக்கமாக நடத்துவதால், அதன் தொடர்ச்சியாகவே இதையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு ஒரு தவறு செய்தோம். வேறொரு அரங்கில் லத்தீன் அமெரிக்கக் கவிதை மாலை என்று ஒன்றை ஏற்பாடு செய்து, வெளியிலிருந்து ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். அவர் ஒன்றரை மணி நேரம் அந்தக் கண்டத்தின் வரலாற்றைச் சொன்னார். அதன் பிறகு இரண்டு கவிதைகளை ஆங்கிலத்தில் வாசித்தார். எங்கள் பெரியவர்கள் மரியாதைக்காக அமர்ந்திருந்தார்கள். கவிதை தொடங்கும்போது பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். பேசியவரைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட்டது நாங்கள்தான்.

அதற்கு நேர்மாறான ஒன்று சென்ற மாதம் நடந்தது. புவேர்த்தோ ரிக்கோவின் கவிஞர் ஹூலியா தே புர்கோஸைப் பற்றி நான் பத்து நிமிடம் சொன்னேன். 1914இல் அந்தத் தீவின் கரோலினா என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியையாகப் பணியாற்றியவர், தன் பெயரையே விளித்து, ஊர் பார்க்கும் ஹூலியாவையும் உள்ளே இருக்கும் ஹூலியாவையும் எதிரெதிரே நிறுத்திக் கவிதை எழுதியவர். 1953 ஜூலையில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதித் தெருவில் விழுந்து இறந்தார். யார் என்று அடையாளம் தெரியாததால் அநாதைப் பிணங்களைப் புதைக்கும் இடத்தில் புதைத்துவிட்டார்கள். பிறகுதான் நண்பர்களும் உறவினர்களும் தேடிக் கண்டுபிடித்து, உடலைத் தீவுக்குக் கொண்டு வந்து சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். இதைச் சொல்லி முடித்ததும், வாசலோரம் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மீன் விற்கும் அம்மா ஒருவர், "போய் எடுத்தாந்தது யாரு?" என்று கேட்டார். கவிதை என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை; உடலுக்கு யார் போனார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு கவிதையை வாசித்தபோது அறையில் ஒருவர்கூட அசையவில்லை.

எனவே விரிவுரை வேண்டாம், கவிதையைத்தான் முன்னே வைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கேட்க விரும்புவது மூன்று. முதலாவது, நான்கு மாலைகளுக்கு யாரை எடுப்பது? இரண்டாவது, ஸ்பானியமும் ஆங்கிலமும் ஒரே வரியில் கலந்து வரும் கவிதைகளை எந்தத் தமிழில் தருவது? மூன்றாவது, அச்சில் வந்த கவிதைகளை நாங்களே மொழிபெயர்த்துப் பொதுவில் வாசிப்பதற்கு உரிமைச் சிக்கல் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புளியந்தோப்புப் பாட்டுக்காரன்

தோழர், உங்கள் படிப்பகத்து அம்மா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய கவிஞர் யார் என்பதை அவர் தம்மை அறியாமலே சொல்லிவிட்டார்.

பெத்ரோ பியெத்ரி 1944இல் புவேர்த்தோ ரிக்கோவில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க்குக்கு வந்து ஹார்லமில் வளர்ந்தவர். வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். 1969இல் ஒரு கூட்டத்தில் அவர் முதன்முறையாக வாசித்த 'புவேர்த்தோ ரிக்க இரங்கற்பா' 1973இல் நூலாக வந்தது. ஐந்து பேருக்கான சாவுப்பாட்டு அது: ஹுவான், மிகேல், மிலாக்ரோஸ், ஒல்கா, மனுவேல். ஐவரும் நாள் தவறாமல், நேரம் தவறாமல் வேலைக்குப் போனவர்கள். ஹுவான் தான் பணம் கட்டிய எண் விழும் என்று காத்திருந்து செத்தான். மிகேல் அரசு உதவித்தொகைக் காசோலைக்குக் காத்திருந்து செத்தான். மிலாக்ரோஸ் தன் பத்துப் பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போனால் தான் ஓயலாம் என்று காத்திருந்து செத்தாள். ஒல்கா ஐந்து டாலர் சம்பள உயர்வுக்கும், மனுவேல் தன் மேலாள் செத்தால் கிடைக்கக்கூடிய பதவிக்கும் காத்திருந்து செத்தார்கள். கவிதை நெடுக இந்த ஐந்து பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன.

நம் பக்கத்தில் துட்டிக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் யாராக இருந்தாலும் இந்த அமைப்பை உடனே அடையாளம் கண்டுகொள்வார். மரண கானா பாடுகிறவர் செத்தவர் பெயரைச் சொல்வார், செய்த தொழிலைச் சொல்வார், யாருக்கு என்ன முறை என்று சொல்வார், கிடைக்காமல் போனது என்ன என்பதையும் சொல்வார். கேட்பவர்கள் பெயர் வரும் இடத்தில் குரல் கொடுப்பார்கள். நான் இருபது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். நண்பர் ஒருவர் இந்தக் கவிதையை எனக்கு வரி வரியாகச் சொன்னபோது, இது கடலுக்கு அப்பால் எழுதப்பட்டது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எனவே இதை ஒருவர் நின்று வாசிக்க வேண்டாம். ஐந்து பெயர்களையும் அறையில் இருக்கும் ஐந்து பேரிடம் கொடுத்துவிடுங்கள். பெயர் வரும்போதெல்லாம் அவரவர் இருந்த இடத்திலிருந்தே சொல்லட்டும்.

மொழிபெயர்ப்பில் ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். முடிவில் கவிஞர் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே 'நெக்ரீத்தோ' என்று ஒருவரை அழைத்தால் அன்போடு அழைப்பதாகப் பொருள் என்கிறார். கறுப்பன் என்ற சொல்லின் செல்ல வடிவம் அது. வேறொருவர் வாயில் வசையாகிவிடும். நம் வீடுகளில் பாட்டிமார் பேரனை மடியில் போட்டுக்கொண்டு "என் கருப்பா" என்று கொஞ்சுவார்களே, அதே சொல், அதே அன்பு. அந்த ஒரு சொல்லைக் 'கரிய நிறத்தவன்' என்று நூல்தமிழில் போட்டால் கவிதை அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது மாலைக்கு மர்த்தீன் எஸ்பாதா. 1957இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுர உச்சியில் இருந்த உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்து இறந்துபோன, ஒரே தொழிற்சங்கக் கிளையைச் சேர்ந்த 43 தொழிலாளர்களுக்காக அவர் எழுதிய கவிதையின் தலைப்பு 'அலபான்ஸா'. ஸ்பானியத்தில் புகழ்ச்சி, துதி என்று பொருள். தலை மழித்த சமையற்காரரின் தோளில் பச்சை குத்தியிருந்த 'ஓயே' என்ற சொல்லைப் போற்றித் தொடங்குகிறது கவிதை. 'கேள்' என்று அதற்குப் பொருள். அவருடைய உறவினர் ஒரு காலத்தில் கடற்கொள்ளையர் வந்து தங்கிய ஃபஹார்தோ துறைமுகத்தினர் என்றும் ஒரு வரி சொல்கிறது. இன்னொருவர் இருமல் நிற்காமல் அவதிப்பட்டதால் அவருக்குப் பதிலாக அன்று காலை வேலைக்கு வந்த பாத்திரம் கழுவும் தொழிலாளி வருகிறார். எக்வதோர் தொடங்கி வங்கதேசம் வரை அவர்கள் விட்டு வந்த நாடுகளின் பெயர்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 'அலபான்ஸா'.

இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'போற்றி' இருக்கிறது. கோயிலில் ஒருவர் சொல்லச் சொல்ல எல்லோரும் 'போற்றி' என்று முடிக்கும் வழக்கத்தை அறியாதவர் நம் அவையில் இருக்க மாட்டார். சமையற்காரருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் அந்தச் சொல்லை முப்பது பேர் சேர்ந்து சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். என் தாத்தா பி அண்டு சி மில்லில் நெசவுத் தொழிலாளி. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். சங்கத்துக் கிளை ஒன்றின் பெயரையே கவிதைக்கு அர்ப்பணிப்பாக எழுதிய கவிஞரை வாசிக்க இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பெரம்பூர் மொழியாசிரியை

பாட்டுக்காரர் ஐயா சொன்ன 'போற்றி' மிகச் சரியான சொல். அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். வடசென்னையில் எது நடந்தாலும் கானாவாகத்தான் இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வருபவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பை நாமே சுமக்க வேண்டாம். பியெத்ரிக்குச் சாவுப்பாட்டின் வடிவம் பொருந்துகிறது, ஏனென்றால் அவருடையது சாவுப்பாட்டு. ஹூலியா தன்னோடு தானே பேசும் கவிதையை ஒரே குரலில், தாளமின்றி, இடைவெளி விட்டு வாசிக்க வேண்டும். எதை எப்படிச் சொல்வது என்பதைக் கவிதை தீர்மானிக்கட்டும், ஊரின் பெயர் தீர்மானிக்க வேண்டாம்.

யாரை எடுப்பது என்பதில், முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. லத்தீன் அமெரிக்கக் கவிஞர் என்பதும் லத்தீனோ கவிஞர் என்பதும் ஒன்றல்ல. சிலியின் நெரூதாவும் கப்ரியேலா மிஸ்த்ராலும் பெருவின் சேசர் வயேஹோவும் லத்தீன் அமெரிக்கர்கள். லத்தீனோ என்ற சொல் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும், அந்த வேர்களைக் கொண்ட மக்களையே குறிக்கிறது. அவர்களில் பலர் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள். புவேர்த்தோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் ஆளுகையில் உள்ளது. அங்குப் பிறப்பவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே நியூயார்க்கில் பியெத்ரி சட்டப்படி அயல்நாட்டவர் அல்லர். ஆனாலும் அயலாராக நடத்தப்பட்டார். அவருடைய கோபத்தின் ஊற்று அதுதான். நெரூதாவைத் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே போதுமான அளவு அறிவார்கள். இந்த நான்கு வாரங்களில் அவரை நுழைத்தால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது.

ஒக்தாவியோ பாஸுக்கும் இதே விதிதான், எனக்கு அவர் மீது பெரும் பிரியம் இருந்தாலும். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்ஸிகோவின் தூதராக இருந்தவர்; மெக்ஸிகோ நகரில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து அந்தப் பதவியை விட்டவர்; மதுரையையும் உதகையையும் கன்னியாகுமரி முனையையும் தலைப்பில் வைத்துக் கவிதை எழுதியவர். அவருக்கென்று தனியாக ஒரு மாலை வையுங்கள், நானே வந்து வாசிக்கிறேன்.

நான் சேர்க்கச் சொல்வது ஹுவான் ஃபெலிப்பே எர்ரேராவை. 1948இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பயிர் அறுவடைக்கு ஊர் ஊராகப் போன கூலித் தொழிலாளர்கள். கூடாரங்களில் வளர்ந்த பிள்ளை 2015இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் லத்தீனோ. மெக்ஸிகோ மக்கள் எல்லையைக் கடக்க முடியாததற்கு 187 காரணங்கள் என்று ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்க 1994இல் கலிஃபோர்னியாவில் கொண்டுவரப்பட்ட முன்மொழிவின் எண் 187. அந்த எண்ணையே கவிஞர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியும் 'ஏனென்றால்' என்றே தொடங்கும். இதை வாசித்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, தாங்கள் கடக்க முடியாத ஒன்றைப் பற்றி 'ஏனென்றால்' என்று தொடங்கும் ஐந்து வரிகளை எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் செய்து பார்த்தேன். வாய் திறக்காத ஒரு மாணவி, தன் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அண்ணன் சொன்னதை எழுதினாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அதா லிமோனையும் விட்டுவிடாதீர்கள். 2022இல் அரசவைக் கவிஞரானவர். அவருடைய கவிதை ஒன்று அவர் கையெழுத்திலேயே உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டு, 2024 அக்டோபர் 14 அன்று வியாழன் கோளின் நிலவான யூரோப்பாவை ஆராயப் புறப்பட்ட விண்கலத்தில் போய்க்கொண்டிருக்கிறது. 2030இல் சென்று சேரும்.

உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஸ்பானியம் தமிழ் நாவுக்கு எளிது. அதன் ஐந்து உயிரொலிகளும் நம் அ, எ, இ, ஒ, உ போன்றவையே. அதன் த நாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கும் நம் த. ஆங்கிலத்தின் வழியாகப் போவதால்தான் 'மார்ட்டின்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஜூலியா' என்று தோன்றும் பெயர் ஸ்பானியத்தில் ஹூலியா. சொல்லின் தொடக்கத்தில் எழுதப்படும் h என்ற எழுத்து ஒலிக்காது, ஆகவே எர்ரேரா. ஞகரத்துக்கென்று அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது.

கலப்பு மொழியைப் பற்றி என் கருத்து: ஆங்கிலப் பகுதியைத் தமிழாக்குங்கள், ஸ்பானியச் சொல்லை அப்படியே ஸ்பானியமாக விடுங்கள். அந்தச் சொல் புரியாமல் ஒரு கணம் நிற்பதும் கவிதையின் அனுபவமே. 'நெக்ரீத்தோ' போல அன்பைத் தாங்கும் சொற்களை மட்டும் பாட்டுக்காரர் சொன்னபடி தமிழில் சொல்லலாம். நம் பேச்சிலும் நாஷ்டாவும் பேஜாரும் கலீஜும் உருதுவின் வழியாக வந்து கலந்தவைதாம். அவற்றை யாரும் அடைப்புக்குறிக்குள் விளக்கிக்கொண்டு பேசுவதில்லை.

வியாசர்பாடி மகள்

அக்கா குறிப்பிட்ட பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன். ஹவியேர் ஸமோரா. 1990இல் எல் சால்வதோரில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் விளைவாகப் பெற்றோர் முன்பே அமெரிக்காவுக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, 1999இல் தம் ஒன்பதாவது வயதில் பெற்றோர் துணையில்லாமல் குவாத்தமாலா, மெக்ஸிகோ வழியாகப் பாலைவனத்தைக் கடந்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணமே அவருடைய கவிதைகளின் கரு. 2017இல் முதல் தொகுப்பு வந்தது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. அறுபதுகளில் பர்மாவில் கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது. வியாசர்பாடியில் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிறைய. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே தள்ளுவண்டியில் அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது ஓர் உணவு. அம்மாவுக்கு அது பள்ளிக்கூட வாசல். கப்பலில் வந்த நாட்களைப் பற்றி அம்மா எங்களிடம் பேசியதே கிடையாது. ஸமோராவின் கவிதை ஒன்றை என் கைப்பேசியில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, கையை நிறுத்தாமல், கப்பல் ஏறும் முன் சோதனையில் தன் காதில் இருந்த சின்னத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்றும், கழற்றத் தெரியாமல் தன் அம்மா தவித்தபோது வரிசையில் பின்னால் நின்ற ஒரு பர்மியப் பெண் வந்து கழற்றிக் கொடுத்தார் என்றும் சொன்னார். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இதை முதன்முறையாகக் கேட்டேன்.

மூன்றாவது மாலையை எங்கள் பக்கத்தில் வைத்தால், கப்பலில் குழந்தையாக வந்த ஐந்தாறு பேரை அழைத்து வருகிறேன். யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். கவிதையை வாசித்துவிட்டு விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

எண்ணூர்க்காரி

ஹூலியா தம் ஊர் ஆற்றை விளித்து எழுதிய 'ரியோ கிராந்தே தே லொஈஸா'வை அறைக்குள் வாசிக்காமல் எண்ணூர் முகத்துவாரத்தில் வாசியுங்கள். ஆற்றைக் காதலனாக அழைத்துத் தொடங்கி, அடிமைப்பட்ட தம் மக்களுக்காக வடிக்கும் கண்ணீரில் முடிக்கிறார். எங்கள் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இப்போது சாம்பல் படிந்திருக்கிறது. இறால் தடவிப் பிடித்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், இறால்தான் குறைந்துவிட்டது. அவர்கள் அந்தக் கவிதையைக் கேட்க வேண்டும்.

பாரிமுனை வழக்குரைஞர்

உரிமை பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஹூலியா தே புர்கோஸ் 1953இல் இறந்ததால், இங்கே அந்தக் காலம் 2013ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அவரை ஸ்பானியத்திலிருந்து நேராகத் தமிழாக்கி வாசிக்கலாம், அச்சிடவும் செய்யலாம். ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அதைச் செய்தவரிடம் தனி உரிமை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்கினால் அவருடைய இசைவும் வேண்டும்.

எஸ்பாதா, எர்ரேரா, லிமோன், ஸமோரா ஆகியோர் உரிமைக்காலத்துக்குள் இருப்பவர்கள். 2004இல் இறந்த பியெத்ரியும் அப்படியே. அச்சில் வந்த நூலிலிருந்து நியாயமான அளவுப் பகுதியைப் பொதுவில் வாசிப்பதையும், கட்டணம் வாங்காத அவையின் முன் தொழில்முறை அல்லாத மன்றம் ஒன்று நிகழ்த்துவதையும் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் மொழிபெயர்க்கும் உரிமை ஆசிரியருடையது. எனவே நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள், தமிழாக்கத்தை நகலெடுத்து விநியோகிக்காதீர்கள், காணொளியாக இணையத்தில் ஏற்றாதீர்கள். அதற்கு முன் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, முப்பது பேர் அமரும் படிப்பகம், கட்டணம் இல்லை, இன்ன கவிதை, இன்ன நாள் என்று விவரமாகக் கேளுங்கள். கவிஞர்களுக்குத் தனி இணையதளங்கள் இருந்தால் அங்கும் எழுதுங்கள். எஸ்பாதா பாஸ்டனுக்கு அருகே செல்சி என்ற ஊரில் ஸ்பானியம் பேசும் ஏழை வாடகைதாரர்களுக்காக வாதாடிய வழக்குரைஞர். அவருக்கு எழுதும் கடிதத்தை நான் வரைந்து தருகிறேன். என் தொழிலில் எனக்குக் கிடைக்கும் பெருமையாக அதை எண்ணுவேன்.

தண்டையார்ப்பேட்டை வாசகன்

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று இரவு படிப்பகத்தில் கூடி இந்தப் பதில்கள் முழுவதையும் உரக்கப் படித்தோம். முதல் ஞாயிறு ஹூலியா தே புர்கோஸ். எண்ணூர் அக்கா சொன்னபடி மாலை நான்கு மணிக்கு முகத்துவாரத்தில் ஆற்றைப் பற்றிய கவிதையையும், இருட்டிய பிறகு படிப்பகத்தில் தன்னோடு பேசும் கவிதையையும் வாசிக்கிறோம். ஆங்கிலம் வழியாகப் போக வேண்டாம் என்பதால் ஸ்பானியம் கற்ற கல்லூரி மாணவர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தமிழாக்கி வருகிறார். இரண்டாம் ஞாயிறு பியெத்ரியும் எஸ்பாதாவும், அனுமதி வந்தால் முழுமையாக, வராவிட்டால் சில பகுதிகள் மட்டும். ஐந்து பெயர்களையும் ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். மனுவேலுக்கு முன்வந்தவர் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் முப்பத்தோர் ஆண்டுகள் இருந்தவர். பதவி உயர்வு கடைசி வரை வரவில்லை என்பதை அவரே சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு வியாசர்பாடியில் ஸமோரா. உங்கள் அம்மா வர விரும்பாவிட்டாலும் சரி, வந்து பேசாமல் அமர்ந்திருந்தாலும் சரி. விளக்கு எரியும். நான்காம் ஞாயிறு பிள்ளைகளுடையது, எர்ரேராவும் லிமோனும். மொழியாசிரியை அம்மா அன்று வந்து 'ஏனென்றால்' பயிற்சியை நடத்திக் கொடுத்தால் மகிழ்வோம். கானா பற்றி நீங்கள் சொன்னதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பியெத்ரிக்கு மட்டும், அதுவும் இசைக்கருவி இல்லாமல், குரலில் மட்டும் என்று முடிவாயிற்று. பாட்டுக்காரத் தோழர் இதை ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறோம்.

வழக்குரைஞர் ஐயா, கடிதத்துக்கான விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன்.

மொழியாசிரியை அம்மாவிடம் ஒரு சிறு உதவி. உடலை யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்ட அம்மா, ஆற்றுக் கவிதையின் முடிவைத் தாமே சொல்ல வேண்டும் என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, இதுவரை தயாரான தமிழாக்கத்திலிருந்து வரி வரியாகச் சொல்லச் சொல்ல, காலையில் ஏலத்துக்குப் போகும் வழியில் மனப்பாடம் செய்து வருகிறார். நேற்று வரை பதினோரு வரிகள் ஆகியிருக்கின்றன. ஆற்றின் பெயரை மட்டும் ஸ்பானியத்திலேயே சொல்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். லொஈஸா என்பதில் அழுத்தம் 'ஈ'யின் மேல்தானா என்று பேத்தி கேட்கச் சொன்னாள்.

பெரம்பூர் மொழியாசிரியை

ஆம், 'ஈ'யின் மேல்தான். லொ–ஈ–ஸா. நடு அசையைச் சற்றே நீட்டச் சொல்லுங்கள். மீன் கூவி விற்கிறவருக்கு அது எளிதாக வரும். நான்காம் ஞாயிறு வருகிறேன், முதல் ஞாயிறும் வருகிறேன்.